புதுமுகம் பக்கத்து ஓட்டைகள்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. ஹட்டன் முழுக்க ஈரச்சாக்கு நாற்றம். வேலைகள்: கரண்ட் பில், அக்காவுக்குப் பிரஷர் மாத்திரை, சாம்பிராணி.

கொழும்பு வாரப் பத்திரிகை ஆசிரியர் போன். 'சித்திரப் பந்தல்' வரலாறு வேண்டுமாம், இரண்டு பக்கத்தில். சென்னையில் அச்சாகி, கப்பலும் ரயிலும் ஏறி மலைக்கு வந்து, எங்கள் ஆட்களுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்த சினிமா மாத இதழ். அதே வேலைக்குச் சம்பளம் வாங்கிய என்னைப் போன்ற வாத்தியார்களின் வரலாற்றை யாரும் கேட்கவில்லை. நியாயம்தான்.

மாலை ஆறு மணிக்கு அக்கா வழக்கம்போல அம்மா படத்துக்கு விளக்கேற்றிச் சாம்பிராணி போட்டாள். வழக்கம்போலப் புகை மட்டும். எனக்கு நினைவு தெரிந்து இந்த வீட்டில் சாம்பிராணி மணத்ததே இல்லை. பகலில் சாம்பிராணி வாங்கும்போதே கடைக்கார நானாவிடம் இதை முறையிட்டிருந்தேன்.

"சாமான் சுத்தம், சேர். நீங்க மூக்கத்தான் மாத்தணும்."

அம்மா இறந்தபோது எனக்கு எட்டு மாதம். அம்மா என்றால் இந்தப் படம்தான். யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பியது போன்ற பார்வை. இரண்டு பிள்ளை பெற்று, தேயிலைக் கொழுந்துக் கூடையும் சுமந்த களைப்பு முகத்தில் துளியும் இல்லை. அதை அம்மாவின் சாதனை என்று நினைத்துக்கொள்வேன்.

ஜூன் 11, புதன்

அக்கரப்பத்தனை பஸ். பக்கத்து ஜன்னல் மூடாது. குடை இருந்தது, பஸ்ஸுக்குள் விரிக்க வெட்கம்.

நாங்கள் பிறந்த தோட்டத்துக்குப் போகும் வழியில் சண்முகத்தின் சலூன். அவருடைய அப்பா காலத்திலிருந்து சித்திரப் பந்தல் வாங்கிப் போட்ட கடை. பரணில் இரண்டு மூட்டை. கரப்பான் தின்றது போக மீதி சரித்திரம். குறித்துக்கொண்டவை:

- நடுப்பக்க வண்ணப்படம். எல்லா நாயகிகளுக்கும் ஒரே ரோஸ் கன்னம்.

- கேள்வி-பதில். பாதிக் கேள்வி பதுளை, தலவாக்கலை வாசகர்களுடையது. நடிகையின் சொந்த ஊர் எது என்று கேட்கிறார்கள். கேட்டவர்களின் சொந்த ஊர் எதுவென்று இந்திய, இலங்கை அரசாங்கங்கள் பேசிக்கொண்டிருந்த காலம்.

- கடைசிப் பக்கம் 'புதுமுகம்'. வாய்ப்புத் தேடுபவர்களின் படங்கள், கீழே பெயர்.

இந்தக் கடைசிப் பக்கத்தில்தான் ஓட்டை. ஒன்றிரண்டு இதழில் இல்லை, கையில் எடுத்த எல்லாவற்றிலும். முகத்தை மட்டும் வட்டமாக வெட்டியிருக்கிறார்கள். கழுத்து, அட்டிகை, பெயர் மிச்சம். அடுக்கி வைத்து மேலிருந்து பார்த்தால் கிணறு.

"யாரு வெட்டினது?"

"செத்தவங்க வீட்டுக்காரங்க சேர்."

சண்முகம் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார். "அந்தக் காலத்துல லயத்து ஆளுகள யாரு சேர் போட்டோ புடிச்சா? ஐடென்டிட்டி காட்டே இல்லாத சனம். செத்துப்போனா கும்புட ஒரு படம் வேணுமில்ல? இங்க வந்து புரட்டிப் பாப்பாங்க. சாயல் இருந்தா வெட்டிக்கிட்டு, புத்தகத்தத் திருப்பிக் குடுத்துருவாங்க. நல்ல சனங்க."

"பெரிய நடிகர் படமா எடுத்திருக்கலாமே?"

"தெரிஞ்ச மூஞ்சியக் கும்புட முடியுமா சேர்? சிரிப்பு வந்துரும்."

பின்னாலிருந்த லயத்தை, தொழிலாளர்களின் ஒட்டு வரிசை வீடுகளை, காட்டினார். முதல் வீட்டுப் படத்தில் சந்தனப் பொட்டு வைத்த ஒருவர். துணை வில்லனாகச் சேர வந்தவர் மாதிரி மீசை. மூன்றாம் வீட்டிலும் அவரே. இரண்டு வீட்டுக்கும் உறவில்லை. நாலாம் வீட்டுக் கிழவி புருஷன் படத்தைக் காட்டினாள். நல்ல அழகன்.

"இப்பிடியா இருந்தாரு?" என்றேன்.

"எங்க இருந்தாரு! உசிரோட இருக்கையிலதான் இல்ல, இனிமேயாச்சும் இருக்கட்டும்னு எடுத்தேன்."

சண்முகம் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பஸ்ஸில் ஏறி, ஹட்டன் வரும்வரை எங்கள் வீட்டுச் சுவரை மட்டும் நினைக்காமல் வந்தேன். மூட்டைகள் மடியில்.

ஜூன் 12, வியாழன்

மழை. எதுவும் எழுதவில்லை. விளக்கேற்றும் நேரம் வெளியே போய்விட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

அக்கா லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு எழுபது. அம்மா போனபோது ஒன்பது வயது. அம்மா படத்தைப் பற்றிக் கேட்டுவிட்டேன். கத்தி நிற்கவில்லை.

"அப்பா சலூன்லருந்து நாலு புத்தகம் கொண்டாந்தாரு. 'நீதான் அவ கூடயே இருந்தவ, நீயே பாத்து எடு'ன்னுட்டு வெளிய போயிட்டாரு."

"எதை வச்சு எடுத்தே?"

"நெத்தி அப்பிடியே இருந்திச்சு. வாய் வேற."

"அம்மா வாய் எப்பிடி இருந்திச்சு?"

இப்போது கத்தி நின்றது.

"அதான்டா தெரியல. இவ மூஞ்சி வந்து உக்காந்திருச்சு. கனவுல கூட இவதான் வாரா. ஒண்ணும் பேச மாட்டா. யாரு வீட்டுக்கோ வந்துட்டவ மாதிரி நிப்பா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"பள்ளிக்கூடத்துல அம்மாவ வரையச் சொன்னாங்கன்னு இவள வரைஞ்சு பரிசு வாங்கிட்டு வந்து நிக்கிற. எப்பிடிச் சொல்றது?"

சற்றுக் கழித்து: "பக்கத்துப் படத்துல ஒருத்தி குடை புடிச்சிருந்தா."

மூட்டையில் தேடினேன். குடைக்காரி இருக்கிறாள். பக்கத்தில் ஓட்டை. ஓட்டைக்குக் கீழே: குமாரி நீலாவதி.

ஜூன் 15, ஞாயிறு

பழைய இதழ் சேர்க்கும் சென்னை நண்பருக்கு வாட்ஸப்பில் பெயரை அனுப்பினேன். வரலாற்றுக்குத் தேவை என்று போட்டேன். பொய்யில்லை.

மாலை பதில். "இருக்காங்களே! வடபழனியில பேத்தியோட. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீடியோ கால்ல பேசுவாங்க."

இருக்காங்களே. இந்தச் சொல்லைப் பலதடவை வாசித்தேன். இரவு படத்துக்குப் பூ மாற்றிய அக்காவிடம் சொன்னேன். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு போட்டாள்.

ஜூன் 17, செவ்வாய்

மழை விட்டு மூடுபனி. எங்கள் வீட்டில் சிக்னல் முன்னறை மூலையில்தான், அதாவது படத்துக்கு நேர் கீழே. வேறு வழியில்லை.

போனில் ஒரு வயதான அம்மாள். தலை முழுக்க வெள்ளை. நெற்றி மட்டும் அப்படியே. அம்மா வயதானால் எப்படி இருப்பாள் என்று நான் நினைத்ததுண்டு. இப்படித்தான்.

ஒழுங்காகக் கேள்வி கேட்டேன். சித்திரப் பந்தலில் படம் வந்தபின் வாய்ப்பு வந்ததா?

"அந்த மாசம் ஒரு கம்பெனிக்காரங்க வந்து பேசினாங்க தம்பி. அப்புறம் ஒருத்தரும் வரலை. தெருவுல பாக்கறவங்க, 'ஐயோ, நீ போய்ச் சேந்துட்டேன்னுல்ல சொன்னாங்க'ம்பாங்க. யார் சொன்னாங்கன்னு கேட்டா தெரியாது."

பேத்தியின் குரல்: "சாம்பிராணிக் கதைய ஆரம்பிச்சுடாத பாட்டி."

"உனக்கென்னடி. தினம் சாயங்காலம் ஆறு மணி ஆனா சாம்பிராணி வாசனை தம்பி. அப்போலேருந்தே. நாலு வீடு மாத்தியாச்சு, அதுவும் கூடவே குடிவருது."

இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்று. இது வரலாற்றில் சேராது.

பிறகு அவர் திரையை ஒட்டி வந்தார். "தம்பி, கொஞ்சம் தள்ளுங்க."

தள்ளினேன்.

பேத்தி, "லைன் கட்டாயிடுச்சா?" என்றாள்.

"அந்தத் தோடு எங்கக்காவோடது," என்றார் அவர். "போட்டோவுக்குன்னு இரவல் வாங்கினேன். யாரு அது?"

"எங்க அம்மா."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சொல்லி முடித்து, "எடுத்துறட்டுமா அம்மா?" என்று கேட்டேன். எந்தக் கிழவியையும் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். இன்று அந்தச் சொல் வாயில் கனத்தது.

"வேணாம். அவங்களுக்கு வேற மூஞ்சி இல்லையே." கொஞ்சம் யோசித்தார். "பேர் என்ன?"

"பொன்னாயி."

"விளக்கேத்தறப்ப அந்தப் பேரைச் சொல்லி ஏத்துங்க தம்பி. வெறும் மூஞ்சிய வச்சு ஏத்தினா எல்லாம் இங்க வந்துடுது."

மாலை

அக்கா சம்மதிக்க நேரமாயிற்று. "அம்மா பேர நாம எப்பிடிடா சொல்றது? அப்பாவே சொன்னதில்ல." உண்மை. அப்பாவுக்கு 'அவ', எங்களுக்கு 'அம்மா'. அந்தப் பெயரைப் பிறப்புப் பத்திரத்தில் வாசித்திருக்கிறேன், காதால் கேட்டதில்லை.

ஆறு மணி. திரியைப் பற்றவைத்தாள். தணலில் சாம்பிராணி. லயத்தின் மறு கோடியில் நிற்பவளைக் கூப்பிடுவது போல, "பொன்னாயி" என்றாள். நானும் சொன்னேன். இன்னொரு முறையும் சொன்னேன்.

புகை எழுந்தது. படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மறுபடி இழுத்து மூச்சு விட்டாள்.

"கடைய மாத்திட்டியாடா?"

அதே கடை. அதே பாக்கெட்.