நோன்புக் குழம்பில் வெண்ணெய்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? அடிஸ் அபாபாவில் நானும் வயிற்றுப் பிள்ளையும் நலம்.

முதல் பிள்ளையைப் பறிகொடுத்தபின் இந்தப் பிள்ளைக்காகத்தான் பால், இறைச்சி தொடாத இந்த நோன்பை நேர்ந்துகொண்டேன். போன வாரம் நர்ஸ் எடை ஏறியிருக்கிறது என்றதும், பருப்பும் கீரையும் எள்ளுமே போதும் என்று பூரித்தேன்.

நேற்று ஆறிய கடலைமாவுக் குழம்பில் வெண்ணெய் உறைந்திருந்தது. சமைத்த அறைத்தோழி வர்கினேஷைக் கேட்டேன்.

"ஆரம்பத்துலேருந்தே போடுறேன்டி. உங்கம்மாதான் போடச் சொன்னாங்க. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னாங்க."

சிரித்துவிட்டேன். பிறகு இஞ்செரா அப்பத்தைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். என்னிடம் நேராகச் சண்டை போட்டிருக்கலாமே, அம்மா.

இப்போது நானே சமைக்கிறேன். எள் தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள். பிரசவத்துக்கு வாருங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் அடுப்பங்கரைப் பக்கம் வராதீர்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

அஸ்கலே