மூக்கனின் முறை

தம்பிக்கு,

வழக்கமாக உன் பெயருக்கு முன்னால் போடுகிற எந்தச் சொல்லையும் இந்தத் தடவை போடவில்லை. மனசு வரவில்லை. உன் நலம் விசாரிக்கும் நிலையிலும் நான் இல்லை. போனில் பேசினால் நடுவில் புகுந்து சிரித்து மழுப்பிவிடுவாய். எழுதினால் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

உன் அத்தானுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. முழங்கைவரை கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஊன்றுகோல் பிடிக்கிற கை அதுதான். எப்படி விழுந்தார் என்று நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

விளையாட்டை ஆரம்பித்துவைத்தவன் நீ. அதை நான் மறுக்கவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில் விழுந்து, இடுப்பு உடைந்து, அத்தான் சுவரைப் பார்த்தபடியே கிடந்த நாட்களில் பகடையும் நீயே எழுதிய விதிப்புத்தகமுமாக வந்து கட்டிலருகே உட்கார்ந்தாய். நீ கதை சொல்வாய். நாங்கள் ஆளுக்கொரு வீரராக அதற்குள் நடமாடுவோம். ஜெயிப்பதா தோற்பதா என்பதைப் பகடை சொல்லும். கீழ்வீட்டுக் கண்ணாடிக்கடைக்காரரையும் சேர்த்துக்கொண்டாய். கதையில் மூக்கன் முட்டையிலிருந்து வெளியே வந்த அன்றுதான் அத்தான் முதன்முதலாக எழுந்து உட்கார்ந்தார். கழுகுத் தலை, சிங்க உடம்பு, இரண்டு இறக்கை. பெயர் வைத்தவரும் அவர்தான். குளியலறைக்குப் போக என் தோளைப் பிடிக்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் மூக்கன் மேல் ஏறி மலை தாண்டினார். நீ வெளிநாடு போன பிறகும் மேஜைக் கோடியில் லேப்டாப்பை வைத்து, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆடினோம்.

அவர் விழுவதற்கு முந்தின ஞாயிறு நீ செய்ததற்கு வருகிறேன்.

அத்தானும் மூக்கனும் பள்ளத்தாக்கின் மேல் பறந்துகொண்டிருந்தார்கள். கீழிருந்து அம்பு வந்தது. அத்தான் வழக்கம்போல, "மூக்கா, அந்தக் கரைக்குத் தூக்கிட்டுப் போடா" என்றார். நீ விதிப்புத்தகத்தைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படித்தாய். குதிரை, கழுதை மாதிரி பழக்கிய விலங்கு என்றால் ஏறியவரின் முறை வரும்போதே அதுவும் நகரும், சொன்ன பேச்சைக் கேட்கும். புத்தியுள்ள விலங்கு என்றால் அதற்குத் தனி முறை, அதன் இஷ்டம். பிடிக்காவிட்டால் ஆளை இறக்கியும் விடும். இத்தனை நாள் இல்லாத விதி அன்றைக்கு மட்டும் எங்கிருந்து முளைத்தது? அத்தான் சிரித்துக்கொண்டே, "சரி, மூக்கன் என்ன சொல்றான்?" என்று கேட்டார்.

நீ குரலை மாற்றிக்கொண்டு சொன்னாய்: "எவ்வளவு காலமா உன்னச் சுமக்கிறேன்? எனக்கும் முதுகு இருக்கு. வலிக்குது. எறங்கு."

கண்ணாடிக்கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தொற்றிக்கொண்டு தப்ப முடியுமா என்று பகடை உருட்டச் சொன்னாய். மூன்றுதான் விழுந்தது, போதவில்லை. அத்தான் திரையைப் பார்க்காமல், "விழுறது நமக்கு ஒண்ணும் புதுசில்லையே" என்று சொல்லிவிட்டு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் உன்னைப் பார்த்தேன். "கேம்தானேக்கா" என்றாய்.

அதற்குச் சில நாள் முன்னால் என்னைக் கூப்பிட்டு, "அந்த மனுஷன இன்னும் எத்தன வருஷம் முதுகுல தூக்கிட்டு அலையப் போறே?" என்று கேட்டாயே, அதுவும் கேமா? நான் போனை வைத்துவிட்டேன். வைத்தால், பதில் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். ஆமாம் என்று அர்த்தமில்லை. பல்செட் செய்கிற கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி மெழுகு இழைக்கிறேன், வீட்டுக்கு வந்தால் அடுப்படியிலும் நிற்கிறேன், வாஸ்தவம். என் கால் வீங்குவது எனக்குத் தெரியாதா? என் சார்பில் பேச உன்னை யார் நியமித்தது? அதுவும் ஒரு மிருகத்தின் வாயால், அவர் முகத்துக்கு நேரே, வெளி மனிதர் முன்னால்.

படுக்கப் போகும்போது அத்தான் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நீ அவன்கிட்ட அப்படிச் சொன்னியா?" இல்லை என்றேன். "சொல்லியிருந்தாலும் தப்பில்ல" என்றார். வேறு எதை மன்னித்தாலும், அவரை அப்படிச் சொல்லவைத்ததை மன்னிக்க மாட்டேன்.

மறுநாளிலிருந்து என் தோளைத் தொடுவதை நிறுத்திவிட்டார். சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். நான் கை நீட்டினால், "நீ போ, உன் வேலையப் பாரு" என்றார். அந்த வாரத்திலேயே ஒரு நாள், நான் வேலைக்குப் போன பிறகு, துவைத்த துணியை வாளியோடு தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறியிருக்கிறார். படி திரும்புகிற இடத்தில் விழுந்திருக்கிறார். வாளி உருண்டுபோய்க் கீழ்வீட்டுக் கதவில் மோதியிருக்கிறது. நல்ல வேளை, கண்ணாடிக்கடைக்காரர் அன்று இன்னும் கடைக்குக் கிளம்பவில்லை. இல்லாவிட்டால் நான் வரும்வரை ஈரத்துணிக்கு நடுவே அங்கேயே கிடந்திருப்பார். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் அத்தான் சொன்னது, "துணியெல்லாம் மறுபடி அலசணும்."

என் பாரத்தைக் குறைக்க வந்த மகராசனே, இப்போது அவருக்குச் சட்டைப் பொத்தானும் நான்தான் போட்டுவிடுகிறேன்.

நேற்று ஞாயிறு. நீ கூப்பிட்டது தெரியும். லேப்டாப்பை வேண்டுமென்றேதான் திறக்கவில்லை. கதையைக் கண்ணாடிக்கடைக்காரர் நடத்தினார். அவருக்கு அது வராது. அரக்கன்கூடக் கடைக்கு வந்த வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல் தன்மையாகப் பேசினான். உன் விதியை நாங்கள் அடித்துவிடவில்லை. விதியில் குற்றமில்லை. மூக்கனுக்குத் தனி முறை இருக்கட்டும், ஆனால் அவனுக்குப் பதில் நான்தான் பேசுவேன் என்றேன். யாரும் மறுக்கவில்லை.

அவன் முறை வந்தது. "மூக்கன் இப்ப என்னம்மா செய்யறான்?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்பதுபோல் கண்ணாடிக்கடைக்காரர் மேஜையைப் பார்த்தார். இல்லாத ஒரு மிருகத்துக்காக இவ்வளவு நேரம் யோசிப்பேன் என்று நான் நினைக்கவில்லை. கடைசியில் மூக்கன் பள்ளத்தில் இறங்கினான். அவர் பக்கத்தில் வந்து முதுகைத் தாழ்த்தினான். "ஏறுங்க" என்றான்.

அத்தான் ஏறவில்லை. "வேணாம், நடந்தே வர்றேன்" என்றார்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "ஏறச் சொன்னா ஏற வேண்டியதுதானே!" என்று கத்திவிட்டேன். மூக்கனாகக் கத்தினேனா, நானாகக் கத்தினேனா தெரியவில்லை. அவர் இடது கையால் பகடையைத் தள்ளி வைத்தார். கண்ணாடிக்கடைக்காரர் வேலை இருக்கிறது என்று எழுந்து போனார். நாங்கள் இன்னும் அந்தப் பள்ளத்திலேயேதான் நிற்கிறோம்.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடாதே. அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் இப்போது வராதே. "அதனால என்னப்பா" என்று சொல்லிவிடுவார். அதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

எனக்கு வலிக்கிறதா என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டுமானால், என்னைக் கேள். பதிலையும் நீயே சொல்லிவிடாமல் கேள். வேலை நாட்களில் மதியச் சாப்பாட்டுக்காக மெஷின்களைக் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். அப்போது பின்வாசல் படியில் நான் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பேன்.

அங்கே குளிர் கடுமை என்று கேள்விப்பட்டேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ. நன்றாக இரு.

அக்கா