ஐந்து புட்டிகள், இரண்டு உடல்கள்

நாள் 212 | காலை 07:10
அறை வெப்பம் 19 டிகிரி. காற்றழுத்தம் சரி. இம்மாத இம்யூனோகுளோபுலின் ஏற்றிக்கொண்டேன், தலைவலி இல்லை. மீதம் ஐந்து புட்டிகள், மாதம் ஒன்று. அடுத்த கப்பல் 362-ஆம் நாள். போதும்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் பெனிட்டா, மருத்துவர். என் உடல் பிறவியிலேயே எதிர்ப்பொருள்களைச் செய்யாது. பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த அந்தப் புரதம்தான் என்னைக் கிருமிகளிடமிருந்து காக்கிறது. செவ்வாய்க் கிரகத்தில் அந்த மருந்துத்தூள் கெடாமல் இருக்குமா என்பதே ஆய்வு. சோதிப்பவளும் நான், சோதிக்கப்படுபவளும் நான். உடன் இருப்பவர் பொறியாளர் முபாரக் மட்டும், காயல்பட்டினத்துக்காரர். போன வாரம் அவருக்கு வயிற்றுப்போக்கு; தேறிவிட்டார்.

நாள் 219 | 11:40
முபாரக் வெளிக்கதவருகே விழுந்தார். கால்களைத் தூக்க முடியவில்லை. வயிற்றுக் கிருமியை அழிக்க உண்டான எதிர்ப்பொருள் இப்போது அவர் நரம்புகளையே தாக்குகிறது.

நாள் 220 | 09:05
கைகளும் போயின. மூச்சுத் தசை தளர்கிறது. இங்கே செயற்கை சுவாச இயந்திரம் கிடையாது. இம்யூனோகுளோபுலினை நிறைய ஏற்றினால் தாக்குதல் அடங்கலாம். ஐந்து நாள், ஐந்து புட்டி.

பூமியிலிருந்து: "பெனிட்டா, அது உன் மருந்து. நாங்க உத்தரவு போட மாட்டோம். நீயே முடிவு பண்ணு."

முபாரக்: "வேண்டாம்க்கா. அது ஒங்க உசிரு. தொடாதீய."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கினார். முதல் புட்டியைத் திறந்தேன்.

நாள் 241 | 16:20
முபாரக் இன்று தானே கரண்டி பிடித்தார். பாதிக் கஞ்சி மடியில். இருவரும் சிரித்தோம். எனக்குத்தான் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அரைமணிக்கொரு தரம் காய்ச்சல் பார்க்கிறேன். குளிர்பெட்டியைத் திறக்கிறேன், காலி என்று தெரிந்தே.

நாள் 310 | 08:30
காய்ச்சல் 103. வலது நுரையீரலில் சளி. ஆன்டிபயாடிக் ஆறாம் நாள். பயனில்லை.

நாள் 313 | 10:15
முபாரக்கின் பிளாஸ்மாவை ஏற்றிக்கொள்ளலாம். ரத்த வகை ஒன்றே. என் கிருமியைக் கொல்லும் எதிர்ப்பொருள் அதில் இருக்கும். அவரை முடக்கிய எதிர்ப்பொருளும் இருக்கும். சோதித்தேன்: குறைந்திருக்கிறது, போகவில்லை. இரண்டையும் பிரிக்க வழியில்லை. முபாரக் சட்டைக்கையை மடித்துக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார். "எடுத்துக்கோங்கக்கா. ஆனா என்னைய முடக்குன சனியன் ஒங்களுக்கும் வந்துட்டா?"

வந்தால் வரட்டும். இன்றைக்கு மூச்சு வேண்டும்.

நாள் 318 | 07:50
காய்ச்சல் இல்லை. சளி இறங்கிவிட்டது. பசிக்கிறது. வாய் ஒருபக்கம் கோணுகிறது. விரல் எழுத்துகளைத் தவற விடுகி

நாள் 322 | மணி பார்க்கவில்லை
முபாரக் எழுதுகிறேன். அக்காவால் இமைகளை மட்டும்தான் அசைக்க முடிகிறது. நேற்றுக் காலையிலிருந்து மூச்சு நான்தான் கொடுக்கிறேன், முகமூடியோடு இருக்கும் ரப்பர் பையை அழுத்தி அழுத்தி. ஒருமுறை இமைத்தால் ஆமாம், இருமுறை என்றால் இல்லை. "பயமா இருக்காக்கா?" என்று கேட்டேன். இருமுறை இமைத்தார்.

எனக்கு இருக்கிறது. கப்பலுக்கு இன்னும் நாற்பது நாள். பையை, நாங்கள் வெளியே ஓட்டும் வண்டியின் மோட்டாரோடு கட்டினால் தானே அழுத்தும். மோட்டார் வெளியே இருக்கிறது. கழற்றிக் கொண்டுவர ஒன்பது நிமிடம். பையை விட்டால் அக்கா நான்கு நிமிடம்தான் தாங்குவார். பையை அழுத்துற வலது கை மரத்துப்போச்சு. இந்தக் கைக்கு மாத்தணும், எழுதுறத நிறுத்