விடுதிப் புகையும் உன் சாம்பலும்

அன்புள்ள நைனா,

எங்கள் விடுதியின் மின்விசிறிகள்தான் உன் நெஞ்சைத் தின்றன. துக்கத்தில் உளறவில்லை. மின்கம்பி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நீ போன பிறகு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தேன். வளாகத்திலிருந்து கரியமில வாயு வெளியேறக் கூடாது என்று இப்போது ஒரு திட்டம். விடுதிச் சமையலறைக் கொதிகலனின் புகைக்குழாயிலேயே அதைப் பிடித்து, அழுத்தி, பூமிக்கடியில் பாறைக்குள் பூட்டிவிடலாமா? ஆராய்ந்து எழுதும் வேலை என்னுடையது. திங்கட்கிழமை அறிக்கையைக் கொடுக்க வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். காசிமேட்டிலிருந்து வந்தவள் மீன் கூடையை இறக்காமலேயே கேட்டாள்: "உங்க நைனாவ பொதைக்க ஆறடி எடத்துக்கு அலஞ்சோமே, பொகைக்கு மட்டும் எடம் கீதாடி?" சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை.

அந்த வாயுவைப் பிடிக்கவும் அழுத்தவும் இயந்திரம் ஓட வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். அது நம் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் அனல் மின் நிலையத்திலிருந்து வருகிறது. எங்கள் குழாய் சுத்தமாவதற்கு அங்கே இன்னும் கொஞ்சம் நிலக்கரி எரியும். ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு நீ லாரியில் வாரிப்போட்டாயே, அந்தச் சாம்பல் இன்னும் கொஞ்சம் குவியும்.

பேராசிரியரிடம் கேட்டேன். கெட்டவர் இல்லை. எனக்கு விடுதியில் இடம் கேட்டு அலைந்தவர். "ஏம்மா, காம்பவுண்டுக்குள்ள வர்ற புகைக்குத்தான் நாம பொறுப்பு. வெளியில இருக்கறதையும் சேர்த்தா எதுவுமே நடக்காது. எங்கயாவது ஆரம்பிக்கணும் இல்ல?" என்றார். அதுவும் சரிதானே?

அதிகாரிகள் வரும் நாளில் சாம்பல் மேட்டில் தண்ணீர் பீய்ச்சச் சொல்வார்கள், ஞாபகமிருக்கிறதா? "இன்னா மேஸ்திரி, குளிப்பாட்டி வுட்டா சாம்பல் வூட்டுக்குப் போயிடுமா? காஞ்சா எழுந்துக்கும்" என்றாயாம். எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். ஆனாலும் குழாயைப் பிடித்தவன் நீதான். நானும் இப்போது அந்தக் குழாயைத்தான் பிடித்திருக்கிறேனா? இல்லை, இது நிஜமாகவே வேறு வேலையா? ஆழத்தில் பூட்டியது மேலே வராது என்கிறார்கள். உலகத்துக்கு நல்லதாம். நம் தெருவுக்கு?

அறிக்கையில் ஒரு பக்கம் மட்டும் தயங்காமல் எழுதிவிட்டேன். சுவருக்கு வெளியே, உன் தலைக்கு மேல் புகைந்த அந்தப் புகைபோக்கியும் எங்களுடையதுதான் என்று அதில் இருக்கிறது. யார் சொன்னாலும் அந்தப் பக்கத்தைக் கிழிக்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

கடைசிப் பக்கம்தான் காலியாகக் கிடக்கிறது. செய்யலாம், அல்லது வேண்டாம். ஒரு வார்த்தைதான். இருமிக்கொண்டே சாம்பல் வாரி என்னைப் படிக்கவைத்தவன் நீ. நீயே சொல், நைனா. எதை எழுதட்டும்?

உன் மூத்த பெண்