சாக்கு விரித்த தெரு

19 ஜனவரி 2025, ஞாயிறு

கன்னிவாடிக்குப் போய்விட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். தம்பி மலைச்சாமிக்குப் பெண் பார்க்கத்தான். எத்தனாவது இடம் என்று எண்ணுவதை எப்போதோ விட்டாச்சு. அவனுக்கு முப்பத்தாறு முடியப்போகுது. குடி கிடையாது, வம்பு தும்பு கிடையாது, அப்பா விட்டுப்போன காப்பியும் மிளகும் குறையில்லாமல் காய்க்குது. ஆனால் ஊர் மூங்கக்கவி. வட்டக்கானலில் இருந்து காட்டுப் பாதையில் இறங்கணும், நடந்துதான். ஜீப் போகாது, பைக் போகாது. சிமெண்ட் மூட்டையே குதிரை மேலதான் போகும். இதைச் சொன்னதும் பெண் வீட்டுக்காரர்களுக்கு அவசரமாய் ஏதாவது சோலி ஞாபகம் வந்துவிடும்.

இன்றைக்கு அப்படி இல்லை. பெண் பேர் கண்மணி. தையல் தெரியும், முகத்தில் களை இருக்கு. அவள் அப்பா குழந்தைவேல் மாமா மழுப்பாமல் பேசினார். பையனைப் பிடிச்சிருக்கு, பொண்ணுக்கும் பிடிச்சிருக்கு என்றார். "ஆனா ரோடு வரட்டும் தாயி. நாளைக்கு எம்பொண்ணுக்கு ஒண்ணுன்னா டோலி கட்டித் தூக்கிட்டு வருவீங்களா?"

ரோடு வந்துக்கிட்டே இருக்கு மாமான்னு துணிஞ்சு சொல்லிட்டேன். போன மாசம் அளக்க வந்தாங்க, வெள்ளைக் கல் நட்டாங்க. பொய் ஒண்ணும் இல்லையே.

27 ஜனவரி, திங்கள்

கொடைக்கானலுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. ஆசிய மலையோட்டப் போட்டி அடுத்த மாசம் இங்கேதான் நடக்கப்போகுது. ஏழு ரோடு சந்திப்பில் பெரிய வளைவு கட்டுறாங்க. ஏரியில் பாசி அள்ளுறாங்க. இருக்கிற சுவரில் எல்லாம் ஓடுற மாதிரி ஆள் படம், ஒருத்தனுக்கும் மூக்கு சரியா வரல. குழியும் கல்லுமாய்க் கெடந்த ரோட்டில் ஒரே நாளில் தார் விழுந்துவிட்டது. இத்தனை நாளாத் தார் எங்கே இருந்துச்சாம்?

நான் வேலை பார்க்கிற லாட்ஜில் எல்லா ரூமுக்கும் புதுப் போர்வை. மேனேஜர் எங்களை வரிசையாய் நிற்க வைத்து 'குட்மார்னிங்' சொல்லப் பழக்குகிறார். ரூம் துடைக்கிற எனக்கு எதுக்கு சார் இதெல்லாம் என்று கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சொல்லணும் சுகன்யா, அதான் முக்கியம் என்றார். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. சிரிச்சேன்.

சாயங்காலம் தம்பி போன் பண்ணினான். அவன் பாறை மேல ஏறி நின்றால்தான் டவர் கிடைக்கும், காத்துச் சத்தம்தான் பாதி. போட்டிப் பாதை எங்க ஊரு வழியாத்தான் போகுதாம். "அக்கா, ஆசியாவே நம்ம தெருவுல ஓடப்போகுதுக்கா." இத்தனை சந்தோஷமாய் அவன் பேசி நான் கேட்டதில்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

அதானே பார்த்தேன். நம்ம ஊரு காரியம் என்னைக்கு நேரா நடந்திருக்கு?

எங்க ஊர் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் யாரும் செருப்புப் போட மாட்டோம். ஊர் முழுக்கச் சாமி மண்ணு. கலெக்டரே வந்தாலும் கழற்றி வச்சுட்டுத்தான் உள்ளே வரணும். ஓட வர்றவங்க ஷூவைக் கழற்ற மாட்டாங்க, நேரம் போயிடும் என்று போட்டி அதிகாரி சொல்லியிருக்கிறார். மூச்சு வாங்க இறங்கி வந்து ஊர்க்கூட்டத்தில் கையெடுத்துக் கும்பிட்டாராம். முடியவே முடியாதுன்னு ஊரே எந்திரிச்சிருச்சு. அப்போதான் அவர் சொன்னாராம்: "போட்டி நடந்தா உலகமே உங்க ஊரைப் பார்க்கும். அதுக்கப்புறம் உங்களுக்கு ரோடு போடாம யாரால இருக்க முடியும்?"

அதற்கு மேல் பேசினது முழுக்க மலைச்சாமிதான். தெரு நெடுகச் சாக்கு விரிப்போம், ஷூ சாக்கு மேலதான் படும், மண்ணுல படாது என்று யோசனை சொன்னது அவன். ரெண்டு நாள் கெஞ்சி எல்லோரையும் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறான். ஏதாவது ஆச்சுன்னா நீதாம்ல பொறுப்பு என்று பெரியவங்க சொன்னதுக்கும் சரின்னு தலையாட்டியிருக்கான்.

எதுக்குல இந்த வேலை உனக்குன்னு கத்தினேன். எனக்குத் தெரியாதா எதுக்குன்னு.

20 பிப்ரவரி, வியாழன்

கொடைக்கானல் நிறைஞ்சு கெடக்கு. மூஞ்சிக்கல்லில் இருந்து ஏரி வரைக்கும் நடக்க இடமில்லை. எந்த நாட்டுக் கொடி என்றே தெரியாத கொடியெல்லாம் விளக்குக் கம்பத்தில். பஜ்ஜிக் கடையில் ஜப்பான்காரர் ஒருத்தர் மிளகாய் பஜ்ஜியைத் தின்றுவிட்டுக் கண்ணில் தண்ணி வழிய நிற்கிறார், சுற்றிலும் கூட்டம் கைதட்டுது. எங்க வீட்டுக்காரர் ஓட்டுற டாக்ஸிக்கு ஓய்வே இல்லை, மூணு நாளாய் வீட்டில் சாப்பிடவில்லை.

என் பொறுப்பில் உள்ள ரூமில் நேபாளத்துப் பொண்ணு ஒண்ணு. சின்ன உருவம், கன்னம் வெயிலில் வெடிச்சிருக்கு. போர்வையை அதே மடிச்சு வச்சிருது. நான் குட்மார்னிங் சொன்னால் அது வணக்கம் சொல்லுது.

நல்லாத்தான் இருக்கு. ஒத்துக்கிறேன்.

22 பிப்ரவரி, சனி



லீவு சொல்லிவிட்டு வட்டக்கானல் போனேன். கன்னிவாடியில் இருந்து குழந்தைவேல் மாமாவும் கண்மணியும் வந்திருந்தார்கள். நான் கூப்பிடவில்லை, அவங்களாவே பார்க்கணும்னு வந்திருக்காங்க. மேகம் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, ஆட்கள் தெரிவதும் மறைவதுமாய் ஓடினார்கள். மேளம் என்ன, விசில் என்ன. கண்மணி என் காதில், "அவரு ஓடலையாக்கா?" என்று கேட்டாள். கீழே ஊரில் நிக்கிறான், சாக்கு விரிச்சது அவன்தான் என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டு பாதையையே பார்த்தாள். மாமாவும் பார்த்தார், ஆனால் அவர் பார்த்தது அதன் செங்குத்தை.

கீழே நடந்ததை மத்தியானம் எல்லார் போனிலும் பார்த்துவிட்டோம். எங்க தெரு! ரெண்டு பக்கமும் சனங்க வெறுங்காலோடு. நடுவில் சாக்கு. முதலில் வந்தவங்க சாக்கு மேலே தடதடன்னு ஓடிப்போனாங்க. மூணாவதாய் வந்தது நேபாளத்துப் பொண்ணு. எல்லைக் கல்லுகிட்ட வந்ததும் எல்லார் காலையும் பார்த்துச்சு. நின்னுருச்சு. குனிஞ்சு ரெண்டு ஷூவையும் கழற்றிக் கையில பிடிச்சுக்கிட்டு, சாக்கை விட்டு இறங்கி, மண்ணுல ஓடுச்சு. மலைச்சாமி பின்னாடியே கையை ஆட்டிக்கிட்டு ஓடுறான், சாக்கு மேல போம்மா சாக்கு மேல போம்மான்னு. அது சிரிச்சுக் கும்பிட்டுட்டுப் போகுது. பின்னால் வந்தவங்க எல்லாம் அதைத் தாண்டிப் போயிட்டாங்க.

வட்டக்கானலில் அழாத ஆள் இல்லை. நானும் அழுதேன். அந்தப் பொண்ணுக்குச் சுத்திப் போடணும் போல இருந்துச்சு.

புறப்படும்போது மாமா, கல்யாணத்தை ஆனியில் வச்சுக்கலாம் தாயி, அதுக்குள்ள ரோட்டு வேலையை ஆரம்பிச்சிடுவாங்கல்ல என்றார்.

23 பிப்ரவரி, ஞாயிறு

ஆனி. எனக்கு ஒரு பட்டுச் சேலை எடுக்கணும்.

26 பிப்ரவரி, புதன்

எல்லாரும் போயாச்சு. வட்டக்கானல் பூராவும் தண்ணி பாட்டில். காட்டுமாடு ஒண்ணு பிளாஸ்டிக் பேனரை மென்றுகொண்டு நிற்குது, விரட்டப் பயமாய் இருக்கு. வளைவைக் கழற்ற வந்தவங்க பாதியில் விட்டுட்டுப் போயிட்டாங்க, காத்தடிச்சால் கிறீச்சுங்குது. புதுப் போர்வையை எல்லாம் மேனேஜர் எண்ணி வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார். பழைய போர்வையே போதும் இந்தக் கூட்டத்துக்கு என்கிறார்.

எந்தக் கூட்டம்? லாட்ஜில் ஆளே இல்லை.

11 மார்ச், செவ்வாய்

அந்தப் பொண்ணு ஷூவைக் கையில் பிடிச்சுக்கிட்டு ஓடுற படம் போகாத இடமில்லை. பேப்பரில், டிவியில், ரீல்ஸில். ஏரிக்கரையில் வெறுங்கால் படம் போட்ட டீ ஷர்ட் விற்கிறாங்க. 'சாலை தொடாத கிராமம்' என்று எழுதியிருக்கு. சாலை என்ன தீட்டா தொடாம இருக்க?

இன்றைக்குப் பேப்பரில் வந்தது: வட்டக்கானல் முதல் மூங்கக்கவி வரை மரபு நடைபாதை. வருஷா வருஷம் போட்டி. பாதையின் இயல்பு மாறாமல் பாதுகாக்கப்படுமாம்.

ரெண்டு தடவை படிச்சேன். பாதுகாக்கப்படுமாம்னா?

16 மார்ச், ஞாயிறு

நேற்று தம்பி மேலே ஏறி வந்தான். ரெண்டு பேரும் போய் அந்தப் போட்டி அதிகாரியைப் பார்த்தோம். தங்கமான மனுஷன், நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அவருக்கே வருத்தம்தானாம். ஆனால் மேலே முடிவாகிவிட்டது. வெள்ளைக் கல்லையும் எடுத்துடுவாங்க. "ரோடு போட்டா அந்த அழகே போயிடும்மா. உலகத்துல எங்க இருக்கு இப்படி ஒரு ஊரு?"

எங்க ஊரு அழகுல யாரு சார் குடியிருக்கான்னு கேட்டேன். தம்பி என் முழங்கையைப் பிடிச்சு அழுத்தினான். அதிகாரி பிஸ்கட் தட்டை எங்கள் பக்கம் தள்ளினார்.

வெளியே வந்து ஏரிச் சுவரில் உட்கார்ந்தோம். மழையில் சுவர்ப் படம் எல்லாம் வழிஞ்சு ஓடியிருக்கு. ஊருல எவனும் எங்கூடப் பேசலக்கா என்றான். தெய்வ மண்ணுல செருப்பை விட்டவன்னு முகத்துக்கு நேரா சொல்றாங்களாம். ரோடு வந்திருந்தால் சொல்லியிருப்பாங்களா? அந்த நேபாளப் பொண்ணு மேலயாவது கோபப்படலாம்னு பார்க்குறேன். முடியல. அது ஒண்ணுதானே எங்களை மதிச்சுச்சு.

20 ஏப்ரல், ஞாயிறு

குழந்தைவேல் மாமா போன். குரலைக் கேட்டதுமே தெரிஞ்சு போச்சு. பேப்பரில் பார்த்தேன் தாயி என்றார். நானும் ஏதேதோ சொன்னேன், தம்பி கொடைக்கானலில் வாடகைக்கு வீடு பிடிப்பான், கண்மணி டவுனில் இருக்கட்டும்னு. காப்பித் தோட்டத்தை விட்டுட்டு டவுனில் என்ன பண்ணுவான் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நியாயமாப் பேசுறவங்ககிட்ட சண்டையும் போட முடியல.

சீசன் ஆரம்பிச்சாச்சு. ரூம் எல்லாம் ஃபுல்.

6 ஜூன், வெள்ளி

கண்மணிக்கு இன்றைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வத்தலக்குண்டு, வீட்டு வாசலிலேயே பஸ் நிக்குமாம். பத்திரிகை வந்தது. நான் போகவில்லை. அவகிட்ட இருந்து ஒரு மிஸ்டு கால் வந்திருக்கு, நான் திருப்பிக் கூப்பிடல. என்ன பேசுவேன்?

29 ஜூன், ஞாயிறு

மலைச்சாமி இப்போ கைடு. நடைபாதை ஆட்களே கூப்பிட்டுக் கொடுத்த வேலை. சாக்கு விரிச்ச கதையை அவன் வாயால கேட்கணும்னுதான் கெஸ்ட் வர்றாங்களாம். பச்சைச் சட்டை, கழுத்தில் அட்டை. ஊரில் நாலைந்து வீட்டில் சாப்பாடு போட ஏற்பாடு பண்ணிக் கொடுத்திருக்கான், அதனால ஊரும் திரும்பப் பேச ஆரம்பிச்சிருச்சு. சரி, ஏதோ ஒண்ணுன்னு இருந்தேன்.

இன்றைக்குப் பாப்பம்மாள் சித்தி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு டோலியில் தூக்கிக்கிட்டு வந்தாங்க. தகவல் வந்து நான் வட்டக்கானலுக்கு ஓடினேன். கொட்டுற மழை. முன்தோள் கொடுத்தது மலைச்சாமி. கடைசி ஏற்றத்தில் எதிரே ட்ரெக்கிங் வந்த கூட்டம் ஒண்ணு. அண்ணா ஒன் மினிட், ஒரு போட்டோ எடுத்துக்கிறோம்னு அதுல ஒரு பையன் கேட்டான்.

மலைச்சாமி நின்னான்.

சித்தி வலியில முனகுது. இவன் நிக்கிறான்! படம் எடுத்து முடியுற வரைக்கும் நின்னு, சரியான்னு வேற கேட்டுட்டு அடுத்த எட்டு வைக்கிறான். ஏலே உனக்கு அறிவு இருக்கான்னு நான் போட்ட சத்தத்துல அந்தப் பையங்கதான் பயந்து ஒதுங்கினாங்க. அவன் திரும்பிக்கூடப் பார்க்கல. பழகிப் போச்சுக்கான்னு மட்டும் சொன்னான்.

சித்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சு. இனிமே நடக்கிறது கஷ்டமாம்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

வெரசா எழுதிட்டுப் படுக்கணும்.

மத்தியானம் மலைச்சாமி லாட்ஜுக்கு வந்தான், கெஸ்டுகளைக் கூட்டிக்கிட்டுப் போக. அவங்க கிளம்பத் தாமதம் ஆச்சு. அடுப்படியில் உட்கார வச்சு சோறு போட்டேன். ரெண்டு நாளைக்கு முன்னால் கிராம சபைக் கூட்டம் நடந்ததே, ரோடு கேட்டாங்களா என்று விசாரித்தேன். கேட்டாங்க என்றான். இந்தத் தடவை பெரிய ஆபீசரே வந்திருந்தாராம். பாப்பம்மாள் சித்தி மகன் எழுந்து, எங்கம்மாவுக்கு வந்தது இன்னொருத்தருக்கு வரக்கூடாதுன்னு அழுதிருக்கான். ஊர் மொத்தமும் சேர்ந்து வேணும்னு சொன்னால் திரும்ப எழுதிப் போடுறேன்னு ஆபீசர் சொல்லியிருக்கார்.

"அப்போ எழுதுறாங்களா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "இல்லக்கா. பாதிப் பேரு வேண்டாம்னுட்டாங்க."

"எவன்ல வேண்டாம்னு சொன்னது?"

"மொதல்ல கையைத் தூக்குனது நாந்தான்." ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டு, "ரோடு வந்துட்டா இவங்க எதுக்குக்கா நம்ம ஊருக்கு வரப்போறாங்க? நான் என்னத்தைக் காட்டுவேன்?" என்றான்.

திட்டலாம்னு வாயைத் திறந்தேன். இன்னும் கொஞ்சம் சோறு போடவான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டான். தட்டைக் கழுவி வச்சுட்டு, அட்டையை நேராக்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கெஸ்டுகளோடு போனான்.

ராத்திரி சமையல் முடிக்கும்போது மேல்மலைப் போளூரில் இருந்து போன். வீரம்மாள் என்று ஒரு அம்மா, பூண்டு வெள்ளாமைக்காரங்க. அவங்க மகளுக்கு மலைச்சாமியைக் கேட்டுத்தான் போன், டிவியில் பார்த்துப் பிடிச்சுப் போச்சாம். பத்து வருஷத்தில் அவங்களாகத் தேடி வந்த முதல் இடம். ரோடு இல்லைன்னு தெரியும் என்றார். "அதனால என்னம்மா, இவ்வளவு பேர் வந்து போற ஊருக்கு ரோடு போடாமலா விட்டுடுவாங்க? அது வர்ற வரைக்கும் நாங்க காத்திருக்கோம்."

சரிங்கம்மா என்றேன்.