நல்ல டிஸ்க்கில் குத்திய ஊசி

ஸ்ஃபாக்ஸ், ஞாயிறு

அன்பு மகன் வஜ்திக்கு, உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. கடல் தாண்டி, லில் நகரத்துக் குளிரில் அல்லாஹ் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் வாப்பாவுக்குச் சளிக்காய்ச்சல் என்று போனில் சொன்னேனே, அது பொய். ஆலிவ் செக்கில் முப்பது வருஷம் மூட்டை தூக்கிய முதுகு, ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்கு முன் முதுகெலும்பில் எந்த டிஸ்க் வலிக்கிறது என்று ஊசியால் மருந்து ஏற்றிப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். உன்னைத்தான் கேட்டோம், நீயும் அந்த வேலையைப் படிக்கிறவன் ஆயிற்றே. "வெறும் ஊசிதாம்மா, வாரத்துக்கு ரெண்டு பாக்குறேன், பயப்படாம போங்க" என்றாய். அந்தத் தைரியத்தில் அவர் ஒப்புதல் தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார், "எம்மவனே சொல்லிட்டான், இதுல படிக்க என்ன இருக்கு" என்று நர்ஸிடம் பெருமை வேறு. மூன்று டிஸ்க்கில் குத்தினார்கள், இரண்டு பழுதானவை, ஒன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நல்ல டிஸ்க். அந்த நல்லதில்தான் கிருமி புகுந்துவிட்டது.

பத்தாம் நாள் கட்டிலில் புரளக்கூட முடியவில்லை, உடம்பு கொதித்தது. ஊசி குத்திய வலிதான் என்று நான் ஒத்தடம் கொடுத்து, பார்லிக் கஞ்சி ஊட்டி, ஆறு நாளைப் பாழாக்கினேன். காய்ச்சல் வந்தால் உடனே வரச்சொல்லித் தாளில் இருந்ததாம், உன் தங்கை ரௌதா பிறகுதான் படித்துக் காட்டினாள். ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். கிருமி போனது, டிஸ்க்கும் கரைந்து போனது, இப்போது எலும்போடு எலும்பு உரசுகிறது. கழிப்பறைக்குக்கூட என் தோளைப் பிடித்துத்தான் போகிறார். நேற்று கேட்டார், "ஏன்டி, கெட்டது ரெண்டும் அப்படியே இருக்கு, ஒழுங்கா இருந்த ஒண்ணும் போச்சு, இது என்ன நியாயம்?" அவர் முதுகுக்குத் தலையணை வைத்தேன். "வஜ்திகிட்ட மட்டும் சொல்லிடாத, அப்புறம் அவனுக்கு ஊசி புடிக்கவே கை நடுங்கும்" என்றார்.

அவருக்குத் தெரியாமல் ரௌதா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்மேல் கோபமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், இரண்டு நாள் உன் போட்டோவைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நூற்றில் ஒருவருக்குக்கூட வராது என்கிறார் டாக்டர், இருக்கலாம், எனக்கு இருப்பது ஒரே புருஷன். இனி உன் மேசையில் படுக்கிறவருக்கு அந்தத் தாளை நீயே வாசித்துக் காட்டு. இந்த ஊசி இல்லாமல் முடியாதா என்று உன் பெரிய டாக்டரிடம் ஒரு தடவை கேள். வெளியே பெஞ்சில் அந்த நோயாளியின் பெண்சாதி உட்கார்ந்திருப்பாள், காய்ச்சல் வந்தால் எங்கே ஓட வேண்டும் என்று அவளிடமும் சொல்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. வெள்ளிக்கிழமை மறக்காமல் போன் செய். நல்லா இருக்கேன் என்பார் வாப்பா, நம்பினவன் மாதிரி கேட்டுக்கொள்.

உன் உம்மா
மொங்கியா