செட்டுக் கதவில் ஆணி இல்லை

எங்கள் வீட்டு மகாராணிக்கு,

உன் முழங்கால் இப்போது மாடிப்படி ஏறவிடுகிறதா? தைலம் தேய்க்கச் சோம்பல்படாதே. எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை.

மேடையில் ராஜா, சினிமாவில் போலீஸ், திருடன், பிணம் என்று எல்லா வேஷமும் கட்டியவன் நேற்று அசடு வழிந்தேன். காட்சி ஒன்றும் பிரமாதமில்லை. வெகுநாள் கழித்துக் கணவன் வீடு திரும்புகிறான். "உங்க வீட்டுக்குள்ள எப்படிப் போவீங்களோ, அப்படியே வாங்கண்ணே," என்றார் டைரக்டர். அப்படியே போனேன். கை தானாகக் கதவுக்குப் பின்னால் போய்ப் பையை மாட்டியது. செட்டுக் கதவில் ஏது ஆணி? பை தொப்பென்று விழுந்தது. அடுத்த டேக்கிலும் அதே கதை.

"என்னண்ணே, வீட்டு ஞாபகமா?"

"சேச்சே, வயசாயிடுச்சுப்பா."

கடைசியில் கார்பென்டரைக் கூப்பிட்டு ஆணி அடித்தார்கள். அதுவும் எனக்குச் சரிப்படவில்லை. நம் வீட்டு ஆணி உன் கைக்கு எட்டும் உயரத்தில் நீ அடித்ததாயிற்றே!

என் நீலச் சட்டையை உன் புடவைகளுக்கு நடுவில் வைத்திருப்பாயே, அதை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

ஷாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். பெயின்டர் வரப்போவதாக எழுதியிருந்தாய். எந்த நிறம் வேண்டுமானாலும் அடிக்கட்டும், அந்த ஆணியை மட்டும் பிடுங்க விடாதே.

உன் வீட்டுக்காரன்